சோற்றுக்கு வரி உண்டு, புத்தகத்துக்கு இல்லை

2019 மார்ச் 9, சனிக்கிழமை. என் நாட்குறிப்பில் அன்றைக்கு மூன்று வரிகள் மட்டுமே இருக்கின்றன. "காலையில் மழை. கல்லூரி உதவித்தொகைக் கடிதம் ஒன்று, உணவுக்கும் தங்குமிடத்துக்கும் மட்டும் என்ற நிபந்தனையோடு. குளோரியா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்."

வாடிக்கையாளர்களின் பெயரை நான் நாட்குறிப்பில் எழுதியதில்லை. வேலையில் இருந்தவரை தேதி, வானிலை, அன்றைக்கு எதிர்ப்பட்ட சட்டச் சிக்கல் ஆகிய மூன்றை மட்டும் குறித்துக்கொள்வேன். ஓய்வு பெற்றபின் அந்தக் குறிப்புகளை வைத்து எங்கள் வரி ஆலோசனை அலுவலகத்தின் வரலாற்றை எனக்காகவே எழுதி வருகிறேன். இந்தப் பகுதியை மட்டும் பிறருக்காகவும் எழுதக் காரணம் ப்ரீத்தி. கலிபோர்னியாவில், சன்னிவேலில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள். போன பிப்ரவரியில் தொலைபேசியில் அழைத்தாள்.

"ஆன்ட்டி, இப்ப சாஃப்ட்வேரே ஸ்காலர்ஷிப்ல ரூம் அண்ட் போர்டு எவ்வளவுன்னு கேட்டுடுது. நம்பர் போட்டா ஆன்சர் வந்துடுது. நீங்க ஏன் ஒரு ஸ்டூடன்ட்டுக்கு ஒரு மணி நேரம் எடுத்துப்பீங்கன்னு எல்லாரும் சிரிக்கறாங்க."

"கேள்வி கேட்கும் சரி. யாரைக் கேக்குது?"

"யார் லேப்டாப் முன்னாடி இருக்காங்களோ அவங்களை."

"அது அப்பாவா இருக்கும். அவருக்குப் பதில் தெரியாது."

அவளிடம் தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சென்னையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். பிறகு கணவரின் வேலைக்காக இங்கே வந்து, கிரீன் கார்டு வரும்வரை வேலை செய்ய அனுமதி இல்லாமல் நூலகத்தில் கழித்த ஆண்டுகள். எடுத்து வந்த நாவல்கள் தீர்ந்தபோது வரிச் சட்டத்தின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன். அது நாவலைவிடச் சுவாரசியமாக இருந்தது என்று சொன்னால் என் வீட்டில் இன்றும் நம்புவதில்லை. அனுமதி கிடைத்ததும் வரி ஆலோசகருக்கான உரிமத் தேர்வு எழுதி, எல் கமினோ சாலையில் ஒரு மளிகைக் கடைக்கு மேல் மாடியில் இருந்த குளோரியாவின் அலுவலகத்தில் சேர்ந்தேன். கீழிருந்து ஏறி வரும் பெருங்காய வாசனை எங்கள் கோப்புகளில் எப்போதும் இருக்கும்.

குளோரியா சான்டா கிளாராவில் பிறந்தவர். அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் பழத்தோட்டமாக இருந்த காலத்தில் அவருடைய பெற்றோர் ஆப்ரிகாட் பறிக்கும் வேலைக்குப் போனவர்கள். உயரமான, மெதுவாகப் பேசுகிற பெண்மணி. தமிழில் 'சரி', 'உக்காருங்க', 'அப்புறம்?' என்ற மூன்று சொற்களை எங்கள் வாடிக்கையாளர்களிடமிருந்து பிடித்துக்கொண்டு சரியான இடத்தில் போடுவார். 'இலவசம்' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. முழு உதவித்தொகையில் படிக்கும் மாணவர் வந்தால் வாழ்த்துச் சொல்லிவிட்டு மூன்று கேள்விகளை அதே வரிசையில் கேட்பார். பணத்தை யாருக்குக் கொடுத்தார்கள்? எதற்கென்று சொல்லிக் கொடுத்தார்கள்? கடைசியில் அது எதை வாங்கியது? எவ்வளவு என்பதை அதற்குப் பிறகுதான் கேட்பார்.

எதற்காக இந்த வரிசை என்பதை முதல் பருவத்திலேயே புரிந்துகொண்டேன். பட்டப்படிப்பு மாணவருக்குக் கிடைக்கும் உதவித்தொகை கல்விக் கட்டணத்துக்கோ, வகுப்புக்குக் கட்டாயமான புத்தகம், கருவிகளுக்கோ போனால் அதற்கு வரி இல்லை. அதே பணம் விடுதி அறைக்கும் சாப்பாட்டுக்கும் ஊருக்குப் போகும் விமானச் சீட்டுக்கும் போனால் அது மாணவரின் வருமானம். வகுப்பு எடுப்பதற்கும் ஆய்வகத்தில் உதவுவதற்கும் கூலியாகத் தந்திருந்தால், பெயர் உதவித்தொகையாக இருந்தாலும் பெரும்பாலும் அது சம்பளம்தான். ஆக, ஒரு பணம் வருமானமாவதும் ஆகாததும் அதன் தொகையில் இல்லை, போய்ச் சேர்ந்த இடத்தில் இருக்கிறது. அத்தோடு கொடுத்தவர் ஒரு நிபந்தனை போட்டுவிட்டால் மாணவர் அதை வேறு பக்கம் திருப்பவும் முடியாது. அதனால்தான் குளோரியா கல்லூரி அனுப்பும் வரிப் படிவத்தை முதலில் தொடவே மாட்டார். முதலில் நிபந்தனைக் கடிதங்கள், பிறகு கல்லூரிக் கணக்கின் பதிவுகள், கடைசியில் படிவம்.

படிவத்தை நம்பாததற்கு இன்னொரு காரணம் தேதிகள். கல்லூரிக்கு ஆண்டு ஆகஸ்டில் தொடங்குகிறது, வரித்துறைக்கு ஜனவரியில். வசந்தப் பருவக் கட்டணத்தை டிசம்பரில் கட்டி, அதற்கான உதவித்தொகை ஜனவரியில் வரவானால், படிவத்தில் ஓர் ஆண்டு கட்டணம் அதிகமாகவும் அடுத்த ஆண்டு உதவித்தொகை அதிகமாகவும் தெரியும். இல்லாத வருமானம் ஒன்று தாளில் முளைத்துவிடும். தேதிகளில் கொஞ்சம் பைத்தியம் உள்ள எனக்கு அந்த வேலையை குளோரியா மனமுவந்து விட்டுக்கொடுத்தார்.

எங்கள் மக்களிடம் நான் கண்ட தவறு வேறு வகை. பிள்ளையின் உதவித்தொகைக் காகிதம் அத்தனையும் அப்பாவின் கோப்பில் இருக்கும். பிள்ளை வரமாட்டாள். அப்பா வந்து, மகளின் வருமானத்தைத் தன் கணக்கில் சேர்க்கச் சொல்வார், அல்லது மெரிட்டில் வாங்கியது பரிசு, அதற்கு ஏது வரி என்று சண்டை பிடிப்பார். அது மகளின் வருமானம், அவளே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொன்னால் நான் குடும்பத்தைப் பிரிப்பதுபோலப் பார்ப்பார்.

அந்த மார்ச் சனிக்கிழமை வந்த அந்தோணியும் அப்படித்தான். தூத்துக்குடிக்காரர். எங்கள் சாலையிலேயே ஓர் உணவகத்தில் சமையல்காரர். மகள் ஸ்டெல்லாவுக்குப் பத்தொன்பது வயது, செவிலியர் படிப்பில் இரண்டாம் ஆண்டு. (பெயர்களையும் அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.) அவளை முன்னால் உட்காரவைத்து அவரே பேச ஆரம்பித்தார்.

"எம் பிள்ளைக்கு எல்லாமே ஸ்காலர்ஷிப்பு மேடம். நான் அஞ்சு பைசா கட்டல. கட்டாத பணத்துக்கு டேக்ஸ் எங்கருந்து வருங்கேன்?"

"உக்காருங்க," என்றார் குளோரியா. ஆனால் வெளியறை நாற்காலியைக் காட்டினார். மகளோடு தனியாகப் பேச வேண்டும் என்று நான் விளக்கினேன்.

"பேசுங்க. நான் குறுக்க பேசமாட்டேன்."

"அப்பா, ப்ளீஸ். இட்ஸ் மை ரிட்டர்ன்."

"ஒன் ரிட்டனாக்கும். காரு ஓட்டிட்டு வந்தவன் வெளிய நிக்கணும்." சிரித்துக்கொண்டேதான் எழுந்தார். வாசலில் திரும்பி, "மேடம், அவ சரியா சாப்பிடுதாளான்னும் ஒரு கேள்வி கேட்டுக்கிடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்டெல்லாவுக்கு மூன்று இடங்களிலிருந்து பணம் வந்திருந்தது. மாநில உதவி கட்டணத்துக்குப் போயிற்று. கல்லூரியின் உதவி பெரும்பாலும் விடுதி அறைக்கு. மூன்றாவது, ஒரு சிறிய தமிழ் அறக்கட்டளையின் வழியாக ஒரு குடும்பம் இறந்த மகனின் நினைவாகத் தருவது. அதன் கடிதத்தில்தான் நான் குறித்துவைத்த நிபந்தனை இருந்தது. கடிதத்தின் மேல் மூலையில் கண்ணாடி போட்ட ஒரு பையனின் புகைப்படம். குளோரியா இரண்டு முறை படித்தார். பிறகுதான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அந்தப் புகைப்படத்தை எங்கள் இருவருக்கும் தெரியும். பையனின் அம்மா சுகந்தி எங்கள் வாடிக்கையாளர். அறக்கட்டளையின் கணக்குகளை வேறொருவர் பார்த்ததால் கடிதத்தை அதுவரை நாங்கள் பார்த்ததில்லை.

சிக்கல் இது. செவிலியர் படிப்புக்குக் கட்டாயமான மடிக்கணினி, சீருடை, ஸ்டெதாஸ்கோப், ஆய்வகக் கட்டணம், புத்தகங்கள் எல்லாவற்றையும் ஸ்டெல்லா கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்த சம்பளத்தில் வாங்கியிருந்தாள். சுகந்தியின் பணம் நிபந்தனை இல்லாமல் கொடுக்கப்பட்டிருந்தால் அதை இவற்றின் செலவுக்கென்று கணக்கில் எழுதியிருக்கலாம், அந்த அளவுக்கு வரி இல்லை. சாப்பாட்டுக்கும் அறைக்கும் மட்டும் என்று நிபந்தனை போட்டுவிட்டதால் முழுவதும் வருமானம். மாணவருக்கு ஒரு வரம்புவரை வரி கிடையாது. விடுதி உதவியே அவளை வரம்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது, இது தாண்ட வைத்தது. தாண்டிய பகுதிக்கு வேறொரு விதி காத்திருந்தது. பணக்காரர்கள் சொத்தைப் பிள்ளைகள் பெயரில் மாற்றி வரியைக் குறைப்பதைத் தடுக்க வந்த விதி அது. வரிக்குரிய உதவித்தொகையையும் உழைக்காமல் வந்த பணம் என்றே அது பார்க்கும். 2018ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து அத்தகைய பணத்துக்கு, குடும்பச் சொத்தை வைத்திருக்கும் டிரஸ்டுகளின் விகிதத்தைப் போடச் சொல்லியிருந்தார்கள். குறைந்த வருமானத்திலேயே உச்சத்துக்கு ஏறும் விகிதம் அது. ஒரு சமையல்காரரின் மகளுக்கு அது சாதாரண விகிதத்தைப்போல ஏறக்குறைய இரு மடங்கு வந்தது.

நான் தமிழும் ஆங்கிலமும் கலந்து விளக்கினேன். அவள் கவனமாகக் கேட்டாள்.

"பட் இட்ஸ் ஃபுட், ஆன்ட்டி. நான் அதைச் சாப்பிட்டுட்டேனே."

அவளே ஒரு தீர்வும் சொன்னாள்.

"ஓகே. நெக்ஸ்ட் டெர்ம் சின்ன மீல் பிளான் எடுத்துக்கறேன். ஒரு வேளை கம்மி. அந்த மிச்சத்துல இதைக் கட்டிடலாம். அப்பாகிட்ட மட்டும் சொல்லாதீங்க. ஹீ'ல் ஸ்டார்ட் பிரிங்கிங் பிரியாணி எவ்ரி டே."

சிரித்தாள். குளோரியா சிரிக்கவில்லை. "இந்தக் கடிதம் எழுதியவர்களோடு நாங்கள் பேசலாமா? உன் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும்," என்றார்.

"நோ." சட்டென்று வந்தது. "ப்ளீஸ், நோ. அந்த ஆன்ட்டியோட பையன் இறந்துட்டாரு. அவங்க சாப்பிடச் சொல்லி பணம் குடுக்கறாங்க. நான் போய் உங்க சாப்பாட்டால எனக்கு ப்ராப்ளம்னு எப்படிச் சொல்றது? ஹூ டஸ் தட்?"

கதவைத் திறந்ததும் அந்தோணி எழுந்து நின்றார். "என்ன மேடம், சாப்பிடுதாளாமா?" என்று கேட்டார். நான் குளோரியாவைப் பார்த்தேன். "அவளையே கேளுங்கள்," என்றார் குளோரியா. அதை நான் தமிழில் சொன்னேன்.

அவர்கள் போனபின் குளோரியா நிற்பதற்காகவே வைத்திருந்த உயரமான மேசையருகில் போய் நின்றார். யோசிக்கும்போது உட்காரமாட்டார். ஒரு வாடிக்கையாளரின் கணக்கில் கண்டதை அவர் சம்மதம் இல்லாமல் இன்னொருவரிடம் சொல்வது எங்கள் தொழிலில் ஒழுக்கக் குறைவு மட்டும் இல்லை, குற்றம். அது எனக்குத் தெரியும். ஆனால் அடுத்த ஆண்டுக் கடிதங்கள் மே மாதம் போகும் என்பதும், போய்விட்டால் அந்தப் பெண் இன்னோர் ஆண்டு ஒரு வேளையைக் குறைப்பாள் என்பதும் தெரியும்.

"சுகந்தி எப்போது வருகிறார்?" என்று குளோரியா கேட்டார்.

"23ஆம் தேதி."

"சட்டத்தைச் சொல்லலாம். கதையைச் சொல்லக் கூடாது. உன் முகமும் சொல்லக் கூடாது."

சுகந்தி கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். குபெர்டினோவில் வீடு, மென்பொருள் வேலை. மகன் கார்த்திக் கல்லூரி மூன்றாம் ஆண்டில் ஃப்ரீவேயில் நடந்த விபத்தில் போய்விட்டான். அதற்குப் பின் அவர் எங்கள் அலுவலகத்துக்குத் தனியாகவே வருவார். கணவர் இத்தகைய காகிதங்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

அவருடைய சொந்தக் கணக்கை முடித்தேன். அதில் அறக்கட்டளைக்குக் கொடுத்த நன்கொடை ரசீது இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த உதவித்தொகைக் கடிதத்துல என்ன எழுதறீங்க?" என்று கேட்டேன். பொதுவான கேள்வியாகத்தான் கேட்டேன்.

"சாப்பாட்டுக்கும் ரூமுக்கும் மட்டும்னு போடறோமுங்க்கா. ஃபீஸுக்கு ஆயிரம் பேர் குடுக்கறாங்க. சோறு போடத்தான் ஆள் இல்லீங்க."

சட்டத்தைச் சொன்னேன். பெயர் எதுவும் சொல்லவில்லை. கட்டணத்துக்குக் கொடுத்தால் வரி இல்லை, சாப்பாட்டுக்கு மட்டும் என்று கொடுத்தால் அது மாணவரின் வருமானம், சிலருக்கு இந்த ஆண்டு அது கடுமையாக இருக்கும் என்றேன். அவர் முகம் மெல்ல இறுகிற்று.

"எம் பையன் பேர்ல போட்ட சோத்துல கவர்மென்ட்டுக்குப் பங்குங்களா?"

"சட்டம் அப்படிப் பிரிக்குது, சுகந்தி."

"எப்பவுமே இப்புடித்தானுங்களா?"

"இல்ல. 1986 வரைக்கும் பட்டப்படிப்புப் பசங்களுக்கு சாப்பாட்டு உதவிக்கும் வரி கிடையாது. அந்த வருஷச் சட்டத்துலதான் பிரிச்சாங்க." இந்த வரலாறு அவருக்கு எந்த ஆறுதலும் இல்லை என்பது சொல்லி முடித்தபின்தான் உறைத்தது.

அவர் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு பேசினார். முதல் வருடத் திதிக்குக் கோயிலில் அன்னதானம் செய்தாராம். சாம்பார் சாதம், தயிர் சாதம், பாயசம். வந்தவர்கள் அவரைப்போன்றவர்களே. வீட்டில் சமைக்க நேரமில்லாதவர்கள். டப்பாவில் வாங்கிக்கொண்டு காரில் வைத்துப் போனார்கள். "ஒருத்தருக்கும் பசி இல்லீங்க்கா. பசி இல்லாதவங்களுக்குப் போட்டா அது அவனுக்குப் போய்ச் சேருங்களா? அப்பறம்தான் ஒரு புரொஃபசர் சொன்னாரு, காலேஜ்ல பசியோட இருக்கற பிள்ளைங்க இருக்காங்கன்னு. இந்த ஊர்ல. எனக்கு நம்பவே முடியல. அதுக்குத்தான் இந்தப் பணம். இது ஸ்காலர்ஷிப் இல்லீங்க்கா. இது திதி. இதை ஃபீஸுன்னு மாத்துனா நான் திதி குடுக்கலைன்னு ஆயிருமுங்க."

நான் குளோரியாவுக்கு மொழிபெயர்த்தேன். அவர் 'அப்புறம்?' என்று கேட்கவில்லை.

"வரி எவ்வளவுன்னு சொல்லட்டும். நானே கட்டிடறேன்," என்றார் சுகந்தி.

குளோரியா மெதுவாகச் சொன்னார். அறக்கட்டளை அந்த வரியைக் கொடுத்தால் அதுவும் உதவித்தொகைதான், அதற்கும் வரி வரும். சுகந்தி தன் கையிலிருந்து அன்பளிப்பாகக் கொடுக்கலாம். ஆனால் யாருக்கு எவ்வளவு என்று தெரிய, ஒவ்வொரு பிள்ளையும் தன் வரிக் காகிதத்தைக் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

சுகந்தி நிமிர்ந்தார். "சாப்பிட வந்த பிள்ளைகிட்டக் கணக்குக் கேக்கறதா?"

"ஆமாம். அதுதான்," என்றார் குளோரியா.

பிறகு சுகந்தி என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க்கா, எந்தப் பிள்ளைக்காவது இதனால கஷ்டமாயிருச்சுங்களா?"

என் தொழில் வாழ்க்கையில் அதைவிடக் கடினமான கேள்வியை யாரும் கேட்டதில்லை. இல்லை என்றால் பொய். ஆம் என்றால் குற்றம். சொல்ல முடியாது என்றால் அதுவும் ஆம்தான். குளோரியாவுக்கு அந்தத் தமிழ் வாக்கியம் புரியவில்லை, என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "எல்லாருக்கும் நாங்கள் ஒரே பதிலைத்தான் சொல்வோம்," என்றார். "ஒரு வாடிக்கையாளரைப் பற்றி இன்னொருவரிடம் பேசுவதில்லை. உங்களைப் பற்றி யார் கேட்டாலும் இதே பதில்தான்."

"சரிங்க," என்றார் சுகந்தி. வாக்குவாதம் செய்யவில்லை. கடிதத்தை மாற்றுவதாகவும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பின் வந்த மூன்று வாரம் எங்களுக்கு உச்சப் பருவம். ஸ்டெல்லாவின் கணக்கு அதற்குள் வரித்துறைக்குப் போய்விட்டது, அவள் வரியைக் கட்டிவிட்டாள். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில், முன்பதிவு இல்லாமல், சுகந்தி படியேறி வந்தார். நான் யாரோ ஒருவரோடு இருந்ததால் வெளியறையிலேயே காத்திருந்தார். உள்ளே வந்ததும் உட்காராமலே குளோரியாவிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

"நான் என் கையால் சமைத்து, என் கையால் ஒரு மாணவருக்குப் பரிமாறினால், அதற்கு அவர்கள் வரி கட்ட வேண்டுமா?"

குளோரியா தெரிந்த பதிலுக்கும் ஒரு மூச்சு நேரம் எடுத்துக்கொள்வார். "நீங்கள் கூப்பிட்டு, அவர்கள் வந்து சாப்பிட்டால், அது விருந்து," என்றார். "நாற்பது வருடமாக இந்த வேலை செய்கிறேன். அதை எழுத எந்தப் படிவத்திலும் இடம் பார்த்ததில்லை."

சுகந்தி அப்போதுதான் உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து புதிய கடிதத்தின் நகலை எடுத்து மேசைமேல் வைத்தார். நிபந்தனை போய்விட்டிருந்தது. கட்டணம், புத்தகம், கருவி, உணவு, உறைவிடம் எதற்கு வேண்டுமானாலும் மாணவர் பயன்படுத்தலாம் என்று இருந்தது. பையனின் புகைப்படம் அதே மூலையில்.

"பணம் அவங்க இஷ்டமுங்க. சோறு நான் போட்டுக்கறேன்," என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்பது பேருக்கு ரசம் வெச்சதில்லீங்க்கா. அதுக்கு யாரைக் கேக்கறதுன்னு தெரியல," என்றார். ஐம்பது பேருக்கு ரசம் வைக்கத் தெரிந்த ஒருவரை எனக்குத் தெரியும். அதையும் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஆண்டு ஐப்பசியில் கார்த்திக்கின் திதி ஞாயிற்றுக்கிழமை வந்தது. கல்லூரிக்குப் பக்கத்துப் பூங்காவில் அனுமதி வாங்கி, மேசைகள் போட்டு, சுகந்தியும் கணவரும் அவர்களுடைய நண்பர்கள் சிலரும் பரிமாறினார்கள். மகன் போனபின் கணவரை நான் பார்த்தது அன்றுதான் முதல்முறை. அவர் அப்பளம் போட்டுக்கொண்டிருந்தார். உதவித்தொகை பெறும் பிள்ளைகளுக்கு மட்டும் என்று இல்லை, அறிவிப்பைப் பார்த்து யார் யாரோ வந்தார்கள். மெக்ஸிகோ, வியட்நாம், பஞ்சாப் என்று பல முகங்கள். சிலர் இரண்டாவது முறையும் வரிசையில் நின்றார்கள். அதைப் பார்த்து சுகந்தியின் கை வேகமாயிற்று. குளோரியா கையால் சாப்பிட்டுப் பழகாதவர், ரசம் முழங்கைவரை வழிந்தது. பக்கத்தில் இருந்த பையன் ஒருவன் அவருக்குச் சோற்றைக் குழி பண்ணி ஊற்றிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தான்.

ஸ்டெல்லாவும் வந்திருந்தாள். என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் நின்றாள், நானும் அப்படியே. அவள் தட்டு நீட்டியபோது சுகந்தி இரண்டு கரண்டி சாம்பார் ஊற்றிவிட்டு, "போதுமா கண்ணு? இன்னும் கொஞ்சம் போடட்டா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. எல்லாரையும் அப்படித்தான் கேட்டார். ஸ்டெல்லா, "கொஞ்சம் போடுங்க ஆன்ட்டி," என்றாள். தமிழில்.

டிசம்பரில் சட்டம் மாறியது. இராணுவத்தில் இறந்தவர்களின் பிள்ளைகளுக்கும் உதவித்தொகை மாணவர்களுக்கும் அந்த விகிதம் கொடுமையாக விழுகிறது என்று நாடெங்கும் எழுந்த முறையீடு கேட்கப்பட்டு, பழைய முறை திரும்பியது. 2018, 2019 கணக்குகளையும் விரும்பினால் பழைய முறையில் திருத்திக்கொள்ளலாம் என்றார்கள். ஸ்டெல்லாவின் கணக்கைத் திருத்தி அனுப்பினேன். கட்டியதில் ஒரு பகுதி திரும்பி வந்தது. முழுவதும் இல்லை. சாப்பாடு இன்னும் வருமானம்தான், விகிதம் மட்டும் இறங்கியது.

2020 பிப்ரவரியில் சுகந்தி வந்தபோது இதைச் சொல்லும் கடமை எனக்கு இருந்தது. பழைய நிபந்தனைக்குத் திரும்ப நினைத்தால் இப்போது முன்போல அவ்வளவு கடுமை இல்லை என்றேன். பத்து மாதங்களுக்கு முன் அவர் பட்ட வேதனைக்கு ஓரளவு தேவையே இருந்திருக்காது என்பதையும் மறைக்கவில்லை.

கேட்டுவிட்டு யோசித்தார். "இருக்கட்டுமுங்க்கா. கடிதம் இப்புடியே இருக்கட்டும். என்ன வேணும்னு அந்தப் பிள்ளைங்களுக்குத் தெரியாதுங்களா?" கோப்பை மூடியபோது மெதுவாக, "முன்னாடி கட்டுனவங்களுக்குத் திரும்ப வந்துருங்களா?" என்றார்.

"திருத்தி அனுப்பினவங்களுக்கு ஒரு பகுதி வரும்."

"அனுப்பியிருப்பாங்களா?"

"பொதுவா, நல்ல ஆலோசகர் இருந்தா அனுப்பியிருப்பாங்க."

தலையாட்டினார். வேறு எதுவும் கேட்கவில்லை.

ப்ரீத்தி கேட்ட ஒரு மணி நேரத்துக்கான பதில் இதுதான். படிவத்தில் வரும் எண்ணுக்குப் பின்னால் கொடுத்தவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர் இருக்கிறார்கள். இருவரும் நம் எதிரில் வெவ்வேறு நாட்களில் உட்காருகிறார்கள். ஒருவர் பசியாற்ற நினைத்ததும் இன்னொருவர் ஒரு வேளையைக் குறைக்க நினைத்ததும் நம் தலைக்குள் மட்டுமே சந்திக்கின்றன. அங்கேயே வைத்துக்கொண்டு, சட்டத்தை மட்டும் சரியாகச் சொல்லத் தெரிய வேண்டும். குளோரியா இப்போது இல்லை. இருந்திருந்தால் இதை நான் எழுதியதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருப்பார்.

இதை எழுதுவதற்கு முன் இருவரிடமும் தனித்தனியாகச் சம்மதம் வாங்கினேன். ஒருவரிடம் மற்றவர் யார் என்று சொல்லவில்லை. சுகந்தி, "எழுதுங்க்கா, அவன் பேரை மட்டும் மாத்திருங்க," என்றார். ஸ்டெல்லா இப்போது சான் ஹோசேயில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். கையெழுத்துப் போட்ட சம்மதத்தை அனுப்பிவிட்டு அழைத்தாள்.

"ஆன்ட்டி, அவங்களுக்குத் தெரியும்தானே? அது நான்தான்னு?"

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையும் அதுதான். அன்றைக்கு சுகந்தி என் முகத்தில் எதைப் படித்தார், பூங்காவில் அந்த இரண்டாவது கரண்டி யாரென்று அறிந்து ஊற்றியதா, என்னிடம் பதிவு இல்லை. கேட்டால் சொல்லக்கூடியவர் ஒருவர்தான். அவரிடம் கேட்பதே ஸ்டெல்லாவைக் காட்டிக்கொடுப்பதாகும். ஆகவே இந்த ஒன்றை மட்டும் சரிபார்க்காமல் விட்டிருக்கிறேன்.